ஜாகுவாரின் நீண்ட பானெட்டுக்குள் என்ன இருக்கிறது?

20 நவம்பர் 2024, வாசகர் ஒருவரின் கூற்று

ஜாகுவார் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. கார் விற்கும் நிறுவனம் வெளியிட்ட 30 நொடி விளம்பரத்தில் ஒரு கார்கூட இல்லை. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கலந்து பெயரை எழுதியிருக்கிறார்கள். பாயும் சிறுத்தையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். பெட்ரோல் இன்ஜினும் இனி இல்லையாம், விலை மட்டும் 1,00,000 பவுண்டுக்கு மேலாம். இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகும் இந்தத் திட்டத்தில் ஏதேனும் தர்க்கம் இருந்தால் யாராவது விளக்குங்கள்.

21 நவம்பர் 2024

விளம்பரத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். அது நேற்று வந்தது, நாளை மறக்கப்படும். நீங்கள் குறிப்பிடும் முறிவு 2021 பிப்ரவரியிலேயே நிகழ்ந்துவிட்டது. அப்போதைய தலைமை நிர்வாகி தியெரி பொல்லோரே, 2025 முதல் ஜாகுவார் முழுக்க மின்கார் நிறுவனமாக மாறும் என்று அறிவித்த அதே நாளில், ஏறத்தாழ ஆயத்த நிலையில் இருந்த மின்சார எக்ஸ்ஜே செடானையும் கைவிட்டார். அந்த மறுசீரமைப்புக்காக நிறுவனம் கணக்கில் எழுதிய தொகை சுமார் 150 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவழித்துப் பயனற்றுப்போன முதலீட்டின் மதிப்புக் குறைப்பு. ஒரு காரை உருவாக்கிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் நிறுத்துவது, விளம்பரத்தில் யாருக்கு என்ன உடை அணிவிப்பது என்பதைவிடப் பல மடங்கு கனமான முடிவு. அன்று பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை.

சிறுத்தையை அவர்கள் எறியவில்லை. பித்தளைத் தகட்டில் புடைப்பாகப் பொறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பானெட்டின் நுனியில் சிலையாக நின்ற சிறுத்தை பாதசாரிகளின் பாதுகாப்பு விதிகளால் என்றோ இறங்கிவிட்டது. பிரெடரிக் கார்டன் கிராஸ்பி என்ற ஓவியர் 1930களில் வடித்த சிலை அது. அதற்கு முன் வேறு யாரோ செய்து விற்ற சின்னத்தைப் பார்த்து, வேலியிலிருந்து சுடப்பட்டு விழும் பூனை போலிருக்கிறது என்று நிறுவனர் வில்லியம் லயன்ஸ் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆக, சின்னத்தைப் பற்றிய சண்டையும் இந்த நிறுவனத்தின் பாரம்பரியத்தில் சேர்த்திதான்.

22 நவம்பர் 2024

நேற்று தர்க்கத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரி, கணக்கைப் பார்ப்போம்.

2015இல் வந்த எக்ஸ்இ செடானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியம். அந்த அளவுக் கார்களில் வேறு எவரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. எடை குறைந்தது, ஓட்டம் அருமையாக இருந்தது, ஸ்டீயரிங்கைப் பாராட்டாத விமர்சகரே இல்லை. ஆனால் அது போட்டியிட்டது பிஎம்டபிள்யூ 3 சீரிஸுடனும் மெர்சிடிஸ் சி கிளாஸுடனும். ஜாகுவார் 2018இல் உலகம் முழுவதும் விற்ற கார்கள் சுமார் 1,80,000. அதே ஆண்டில் பிஎம்டபிள்யூ என்ற ஒரு பெயரில் மட்டும் விற்றவை 20 லட்சத்துக்கும் மேல். உருவாக்கச் செலவும் அச்சு வார்ப்புச் செலவும் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் கார்களின் எண்ணிக்கைதான் வேறு. விலையை ஏற்றினால் வாங்குபவர் ஜெர்மன் காருக்குப் போய்விடுவார், ஏற்றாவிட்டால் நிறுவனத்துக்கு எதுவும் மிஞ்சாது. போதாக்குறைக்கு ஐரோப்பாவில் டீசலை நம்பி வரிசையை அமைத்த சமயத்தில் டீசலின் பெயர் கெட்டுப்போனது.

எனவே நடுத்தர சொகுசுக் கார் என்ற தளத்தில் ஜாகுவாருக்கு எதிர்காலம் இல்லை என்ற முடிவை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஒன்று மேலே போக வேண்டும், அல்லது மூட வேண்டும். அதே நிறுவனத்தின் லேண்ட் ரோவர் பக்கம் லாபம் வந்துகொண்டிருப்பதால் மேலே போய்ப் பார்க்கப் பணம் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் மட்டுமே புதிய வரிசைக்கு வருவார்கள் என்று நிறுவனமே எதிர்பார்க்கிறது. இவ்வளவு வெளிப்படையாகப் பழைய வாடிக்கையாளர்களுக்கு விடைகொடுத்த நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. நேர்மை என்பதா திமிர் என்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

22 நவம்பர் 2024, இரவு

புலி பதுங்குவது பாய்வதற்காகத்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் இந்த மாதத்தோடு புதிய ஜாகுவார் விற்பனையே நின்றுவிட்டது. பதுங்கல் சற்று நீளம்.

4 டிசம்பர் 2024

மயாமியில் டைப் 00 என்ற மாதிரிக் கார் வெளிவந்துவிட்டது. இப்போது பேசுவதற்கு ஒரு கார் இருக்கிறது.

படங்களை நீண்ட நேரம் பார்த்தேன். முதல் பார்வையில் கனமாகத் தெரிந்தது. பக்கவாட்டுப் படத்தில் நிலைமை மாறுகிறது: பானெட் மிக நீளம், கூரை மிகத் தாழ்வு, 23 அங்குலச் சக்கரங்கள், பின்பக்கம் படகின் முனைபோல் கூம்புகிறது. முகப்பில் வழக்கமான கிரில் இல்லை. அதன் இடத்தில் மெல்லிய கிடைக்கோடுகள் அடுக்கப்பட்ட ஒரு சதுரப் பரப்பு. இதே கோட்டு வரிசை பின்புறத்திலும் வந்து விளக்குகளை மறைத்துக்கொள்கிறது. பின்பக்கச் சன்னல் கண்ணாடி கிடையாது. முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பித்தளைக் கட்டி பதிக்கப்பட்டிருக்கிறது. சிறுத்தை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது, பின்னால் பார்க்கும் கேமரா அதற்குள்ளிருந்து வெளியே வருகிறது. உள்ளே 3.2 மீட்டர் நீளப் பித்தளைக் கோடு ஒன்று இருக்கைகளுக்கு நடுவே ஓடி டாஷ்போர்டை இரண்டாகப் பிரிக்கிறது. டிராவர்டைன் கல்லும் உண்டு.

மெல்லிய உலோகத் தகட்டை வளைத்தது போலன்றி, ஒரே கட்டியிலிருந்து செதுக்கி எடுத்தது போன்ற தோற்றம். ஜாகுவாரின் பழைய கார்களில் இப்படி இருந்ததில்லை. இ-டைப் காரில் தோல் தசைமேல் இழுத்துப் போர்த்தப்பட்டிருக்கும். இது கல்.

என் தயக்கம் பானெட்டில் இருக்கிறது. 1961இல் ஜெனீவாவில் இ-டைப் காட்டப்பட்டபோது அந்த நீண்ட மூக்குக்குள் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நின்ற 3.8 லிட்டர் எக்ஸ்கே இன்ஜின் இருந்தது. நீளத்துக்கு அது காரணம். விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் அந்த வளைவுகளைக் கணக்குப் போட்டு வரைந்தார், காற்றுக்காக. டைப் 00இன் பானெட்டுக்குள் அந்த நீளத்தைக் கோரும் பொருள் எதுவும் இல்லை. மின்மோட்டார் சக்கர அச்சின் அருகே ஒரு சிறு பெட்டியளவில் அடங்கிவிடும். நகலெடுக்காதே என்பதை முழக்கமாக வைத்துக்கொண்டு, இன்ஜின் இருந்த காலத்தின் உருவ விகிதத்தை நகலெடுத்திருக்கிறார்கள்.

5 டிசம்பர் 2024

டைப் 00இன் இளஞ்சிவப்பு நிறத்தைப் பற்றி வந்து குவியும் கேலிகளுக்கு நான் பதிலெழுதப் போவதில்லை. நிறம் பிடிக்கவில்லையென்றால் நீலத்தைப் பாருங்கள். அது 1960களின் ஜாகுவார் நீலவெள்ளிச் சாயலிலிருந்து எடுக்கப்பட்டது. காரின் மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், நிறத்தை மாற்றுவதுதான் மிக எளிது.

9 டிசம்பர் 2024

பானெட்டைப் பற்றி நான் எழுதியதற்கு நல்ல எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது. மின்காரில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் தரை உயரும், தரை உயர்ந்தால் இருக்கை உயரும், கூரையும் உயரும். தாழ்வான கார் வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும், எனவே நீண்ட பானெட் வெறும் ஆடம்பரம் அல்ல என்கிறார் எழுதியவர்.

பாதி ஏற்கிறேன். போர்ஷே டைகானில் பின்னிருக்கைக்காரரின் பாதம் இறங்குவதற்கென்று பேட்டரியிலேயே பள்ளம் விட்டிருக்கிறார்கள். தாழ்வான மின்கார் எவ்வளவு சிக்கலான காரியம் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பேட்டரிக்குத் தேவைப்படுவது இரு அச்சுகளுக்கு நடுவிலான நீளம். அந்த நீளத்தில் எவ்வளவைப் பயணிக்குக் கொடுப்பது, எவ்வளவை முன்கண்ணாடிக்கு முன்னால் வைப்பது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். இங்கே முன்னால் வைத்திருக்கிறார்கள். நவம்பரில் நிறுவனம் வெளியிட்ட, மூடிமறைத்த நான்கு கதவுச் சோதனைக் காரின் படத்திலும் ஓட்டுநர் வெகு பின்னால் அமர்ந்திருக்கிறார். ஆகவே விற்பனைக்கு வரும் காரிலும் இதே விகிதம்தான்.

இதற்கு நேர்மாறாக ஒரு ஜாகுவார் இருந்தது. 2018இல் வந்த ஐ-பேஸ். முன்னால் இன்ஜின் இல்லை என்றதும் பானெட்டைச் சுருக்கி, கண்ணாடியை முன்னுக்குத் தள்ளி, மிச்சமான இடத்தைப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். வடிவமைப்புத் தலைவர் இயன் கேலம் நிறுவனத்தை விட்டு விலகுமுன் வந்த முக்கியமான காரியங்களில் ஒன்று. 2019இல் உலகின் சிறந்த கார், சிறந்த வடிவமைப்பு, சிறந்த பசுமைக் கார் என்ற மூன்று விருதுகளையும் அந்த ஒரே கார் வாங்கியது. உண்மையிலேயே எதையும் நகலெடுக்காத ஜாகுவார் அதுதான் என்பது என் எண்ணம். அதற்கு வாரிசு இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

11 டிசம்பர் 2024

ஐ-பேஸின் பேட்டரித் தீ விபத்துகளை மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். மறக்கவில்லை. அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு மாடல் கார்களை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் நிலை இந்த ஆண்டு வந்தது. ஆனால் அது மின்கலத்தின் குறை. வடிவத்தின் குறை அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டுநர் இல்லாமல் சுற்றும் வேமோ வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஐ-பேஸ்தான். ஓட்டுவதற்காகவே பெயர்பெற்ற நிறுவனத்தின் கார், யாரும் ஓட்டாமலேயே புகழ்பெற்றுவிட்டது.

18 டிசம்பர் 2024

டைப் 00இல் பின்பக்கச் சன்னல் கண்ணாடி இல்லாதது பற்றி.

வேறொரு நிறுவனத்தின் மின்காரைச் சில வாரங்கள் ஓட்ட வாய்த்தது. பெயர் வேண்டாம். பின்னால் வருவதைப் பார்க்கும் உட்புறக் கண்ணாடிக்குப் பதில் கேமராத் திரை. மழையிலும் இருட்டிலும் சாதாரணக் கண்ணாடியைவிடத் தெளிவாகத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் என் கண்ணில். சாதாரணக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்க்கும்போது கண், லாரி இருக்கும் தூரத்துக்குக் குவிகிறது. சாலையிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து சாலைக்கும் பார்வையை மாற்றுவதில் உழைப்பே இல்லை. திரையில் அந்த லாரி முகத்துக்கு எதிரே ஒரு முழத் தொலைவில் இருக்கிறது. படிப்பதற்குக் கண்ணாடி போடும் வயதில் இருக்கும் எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. நெடுஞ்சாலையில் அந்த ஒரு கணம் நீளமானது. போதாததற்கு, குழந்தை பின்னிருக்கையில் என்ன செய்கிறது என்று சாதாரணக் கண்ணாடியில் தலையைச் சற்று அசைத்தால் தெரியும். திரையில் தலையை எப்படி அசைத்தாலும் சாலைதான்.

1,00,000 பவுண்டுக்கு மேல் கொடுத்துக் கார் வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதுக்காரர்களாக இருக்கப்போவதில்லை. வடிவமைப்பு அறையில் இதை யாரேனும் எழுப்பியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

12 ஜனவரி 2025

காட்சிக்கு வைக்கும் கார் ஒன்று, விற்கும் கார் வேறொன்று, எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்ற கேள்விக்கு ஜாகுவாரின் வரலாறே இருவிதப் பதிலையும் வைத்திருக்கிறது. 2010இல் காட்டிய சி-எக்ஸ்75 என்ற மின்காரில் மின்சாரம் தயாரிக்க இரண்டு சிறு வாயு டர்பைன்கள் இருந்தன. உலகம் வாய் பிளந்தது. 2012 இறுதியில் திட்டமே கைவிடப்பட்டது. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் காட்டிய ஐ-பேஸோ ஏறத்தாழ அப்படியே விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் சி-எக்ஸ்எஃப். 2007இல் காட்டிய அந்தக் காரின் முன்விளக்குகள் ஒடுங்கிக் கூர்மையாக இருந்தன. விற்பனைக்கு வந்த எக்ஸ்எஃப் காரில் அவை உருண்டு மழுங்கிவிட்டன. 2011இல் முகத்தைத் திருத்தும் வரை அந்தக் குறை பேசப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மழுங்கிய விளக்கு எக்ஸ்எஃப்தான் என் சித்தப்பாவிடம் இருந்தது. பிறகு சில காலம் என் கையிலும் இருந்தது. அதை ஓட்டத் தொடங்கும் சடங்கைச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் நடுக் கன்சோலில் இருக்கும் ஸ்டார்ட் பொத்தான் சிவப்பாக, இதயத் துடிப்பின் வேகத்தில் மினுங்கும். அழுத்தினால் இன்ஜின் எழும். அதே நேரம் கன்சோலின் உலோகப் பரப்போடு சமமாகப் படுத்திருந்த ஒரு வட்டத் திருகி மேலெழுந்து உள்ளங்கைக்கு வரும், அதுதான் கியர். டாஷ்போர்டில் வெறும் உலோகப் பட்டையாகத் தெரிந்தவை மெல்லச் சுழன்று காற்றுத் துவாரங்களாகத் திறக்கும். கையுறைப் பெட்டிக்குக் கைப்பிடி கிடையாது; மரப் பலகையில் ஓர் இடத்தை விரலால் தொட்டால் போதும். முதல்முறை ஏறிய ஒவ்வொருவரும் அந்தப் பலகையைத் தடவித் தேடியதை ரசித்திருக்கிறேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. எக்ஸ்எஃப் வருமுன் ஜாகுவார் பழைய முகங்களை மீண்டும் மீண்டும் அணிந்துகொண்டிருந்தது. 1999இன் எஸ்-டைப் அறுபதுகளின் சாயல். 2001இன் எக்ஸ்-டைப், ஃபோர்டு மாண்டியோவின் அடித்தளத்தின் மேல் குட்டி எக்ஸ்ஜேயின் முகம். கேலம் அதை உடைத்தபோது, குறிப்பாக 2009இல் எக்ஸ்ஜேயையும் மாற்றி அதன் பின்தூணைக் கறுப்பாக்கியபோது, இன்று வரும் அதே வசைகள் வந்தன: இது ஜாகுவாரே இல்லை, ரசனை செத்துவிட்டது. இப்போது டைப் 00ஐத் திட்டுபவர்களில் சிலர் அந்தக் கறுப்புத் தூண் எக்ஸ்ஜேயைப் பொற்காலம் என்கிறார்கள்.

ஆனால் அன்றைய வடிவத்தில் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடமிருந்தது. டைப் 00இன் படங்களில் பித்தளையும் கல்லும் கண்ணுக்குத்தான் தெரிகின்றன. கை எங்கே போகும் என்பது தெரியவில்லை.

2 பிப்ரவரி 2025

லயன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் இதை ஏற்றிருப்பாரா என்ற விவாதம் இங்கே மூன்றாவது முறையாகத் தொடங்கியிருக்கிறது. ஏற்றிருக்கமாட்டார் என்பவர்கள் உருவத்தை வைத்துப் பேசுகிறார்கள். நான் விலையை வைத்துப் பேசுவேன்.

1935இல் லண்டன் மேஃபேர் விடுதியில் முதல் எஸ்எஸ் ஜாகுவாரை அறிமுகப்படுத்தியபோது, விருந்தினர்களிடம் விலையை ஊகிக்கச் சொன்னார் லயன்ஸ். ஊகங்களின் சராசரி 600 பவுண்டைத் தாண்டியது. அவர் அறிவித்த விலை 400 பவுண்டுக்கும் குறைவு. 1948இன் எக்ஸ்கே120, வரிக்கு முன் 998 பவுண்டு. இ-டைப் வந்தபோது சுமார் 2,100 பவுண்டு. அதன் வேகத்துக்கு அருகில் வரும் ஆஸ்டன் மார்ட்டினும் ஃபெராரியும் ஏறத்தாழ இரு மடங்கு அல்லது அதற்கும் மேல். பார்ப்பவர் யானை விலை குதிரை விலை இருக்கும் என்று நினைக்கும் காரை, அவர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் கொடுப்பதுதான் லயன்ஸின் வித்தை. அழகுக்குத் தனிக் கட்டணம் வாங்காதவர் அவர். பாரம்பரியம் எங்கே முறிந்தது என்று கேட்டால், இளஞ்சிவப்பிலும் அல்ல, எழுத்துருவிலும் அல்ல, அந்த விலைப்பலகையில் என்பேன். ஒரு வித்தியாசம்: வேறு வழியில்லாமல் முறிந்தது. அதைத்தான் நவம்பரில் எக்ஸ்இ பற்றிச் சொன்னபோது எழுதியிருந்தேன்.

பெயரை மாற்றுவதையோ உருவத்தை மாற்றுவதையோ லயன்ஸ் பாவமாகக் கருதியதில்லை. போரின் இறுதிக் கட்டத்தில் எஸ்எஸ் என்ற இரண்டு எழுத்துகள் ஜெர்மனியின் கொலைப்படையை நினைவூட்டியதும், 1945இல் நிறுவனத்தின் பெயரையே ஜாகுவார் என்று மாற்றிவிட்டார். வரையத் தெரிந்தவரும் அல்லர் அவர். கைதேர்ந்த தகட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு முழு அளவு மாதிரியைச் செய்யச் சொல்லி, அதைத் தம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்து, பகல் வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்த்து, இந்தக் கோட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள் என்று திருத்துவார். ஒரு கார் வீட்டு வாசலில் நின்றால் எப்படியிருக்கும் என்பதே சோதனை. மயாமியின் மேடை விளக்குகளுக்கடியில் நிறுத்துவது வேறு சோதனை.

16 மார்ச் 2025

திட்டத்தின் மிகப் பெரிய ஆபத்தை நாம் யாரும் சரியாகத் தொடவில்லை. உருவம் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். விலையுயர்ந்த மின்காரை வாங்க ஆளிருக்கிறதா?

போர்ஷே டைகான் 2024இல் 20,836 விற்றது. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ பாதியாகச் சரிவு. ஜாகுவாரைவிட வலுவான பெயர், தேர்ந்த கார், உலகெங்கும் விற்பனை வலை, அப்படியிருந்தும் இந்த நிலை. முழுக்க மின்கார் என்ற இலக்கை பென்ட்லி சென்ற நவம்பரில் 2035க்குத் தள்ளிவைத்தது, அதுவும் ஜாகுவார் விளம்பரம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு. எல்லோரும் கலப்பின இன்ஜினுக்குத் திரும்பும் நேரத்தில் ஜாகுவார் மட்டும் பாலத்தை எரித்துவிட்டு நிற்கிறது. புதிய கார்களுக்கான ஜேஇஏ அடித்தளம் மின்சாரத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. நாளை மனம் மாறினாலும் அதில் பெட்ரோல் இன்ஜினை நுழைப்பது மிகவும் கடினம், குறைந்தபட்சம் மலிவாக முடியாது. அதே அடித்தளத்தை ரேஞ்ச் ரோவரோடு பகிர்ந்துகொள்ளவும் இல்லை. எக்ஸ்இ காலத்தில் செய்த அதே கணக்கு மறுபடியும்: குறைந்த எண்ணிக்கையிலான கார்கள், தனி அடித்தளம். இந்த முறை ஒவ்வொரு காரும் இரு மடங்கு விலை என்பதால் கணக்கு நேராகும் என்கிறார்கள்.

பென்ட்லி சென்ற ஆண்டு விற்றது 10,600க்குச் சற்று மேல். அதை வைத்து அந்த நிறுவனம் லாபம் பார்க்கிறது. எனவே குறைந்த எண்ணிக்கை தன்னளவில் குற்றமல்ல. ஆனால் பென்ட்லிக்குப் பின்னால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் உதிரிபாகக் கிடங்கு முழுவதும் இருக்கிறது. ஜாகுவாருக்குப் பின்னால் இருப்பது டாடாவின் பொறுமை. 2008இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது முதல் அந்தப் பொறுமை பலமுறை சோதிக்கப்பட்டும் தீர்ந்துவிடவில்லை.

6 ஜூலை 2025

ஏப்ரலில் ஐரோப்பாவில் 49 ஜாகுவார்தான் விற்றன, சென்ற ஆண்டு ஏப்ரலில் 1,961, விளம்பரத்தால் வந்த வீழ்ச்சி 97 விழுக்காடு என்ற படத்தை இதுவரை பலர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எண்கள் சரி. காரணம் சரியில்லை. எக்ஸ்இ, எக்ஸ்எஃப், எஃப்-டைப் மூன்றின் உற்பத்தியும் 2024இலேயே முடிந்துவிட்டது. கடையில் சரக்கே இல்லாதபோது வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதுவது செய்தியா என்று தெரியவில்லை. விளம்பரம் வராமலிருந்தாலும் இந்த எண் ஏறத்தாழ இதேதான்.

என்றாலும் ஒன்று உறுத்துகிறது. ஓராண்டுக்கு மேல் கடையை மூடி வைப்பது என்பது திட்டத்தின் பகுதி என்றார்கள். பழையதற்கும் புதியதற்கும் நடுவே இடைவெளி விட்டால்தான் புதிய பெயர் பதியும் என்பது வாதம். அந்த இடைவெளியில் மக்கள் மனத்தில் பதிவது வெற்றிடமல்ல, 49 போன்ற எண்களும் கேலிப் படங்களும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

7 ஆகஸ்டு 2025

ஜாகுவார் லேண்ட் ரோவரின் தலைமை நிர்வாகி ஏட்ரியன் மார்டெல் ஓய்வுபெறுகிறார். டாடா மோட்டார்ஸ் குழுமத்தின் நிதித் தலைவர் பி.பி. பாலாஜி நவம்பரில் பொறுப்பேற்கிறார். சென்னை ஐஐடியில் படித்தவர் என்பதால் நம்மவர்கள் சிலர் உடனே கொண்டாடத் தொடங்கியிருக்கிறார்கள், கொண்டாடட்டும். என் கவனம் வேறு: நிதிப் பொறுப்பிலிருந்து வருபவர் முதலில் பார்ப்பது எண்ணை. டைப் 00இன் கோடுகளை வரைந்தபோது இருந்த நம்பிக்கையும் மின்கார்ச் சந்தையின் இன்றைய நிலையும் ஒன்றாக இல்லை. அமெரிக்க அதிபர் டிரம்ப்கூட இந்த வாரம் அந்த விளம்பரத்தைத் திட்டிவிட்டார். விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் இனி கிடைக்காது.

10 செப்டம்பர் 2025

ஜெர்மன் கார் நிறுவனமான ஆடி, கான்செப்ட் சி என்ற இரு இருக்கை மின்காரைக் காட்டியிருக்கிறது. வரைந்த குழுவின் தலைவர் மாசிமோ ஃபிராஸ்செல்லா. சென்ற ஆண்டு வரை ஜாகுவார் லேண்ட் ரோவரில் இருந்தவர். படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கட்டியிலிருந்து செதுக்கியது போன்ற உடல், ஒட்டுவேலையில்லாத பரப்பு, அலங்காரத்தைக் குறைத்த உள்ளறை. ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள் எழுதிய இரண்டு விடைத்தாள்கள்.

ஆடிக்குக் கைதட்டு. ஜாகுவாருக்குக் கல்லெறி. ஏன்?

முகப்பில் நிற்கும் செங்குத்துச் சட்டத்துக்கு ஆடி 1936இன் ஆட்டோ யூனியன் பந்தயக் காரிலிருந்து வேர் காட்டியது என்பது ஒரு காரணம். பழைமையைத் தொட்டுக்கொண்டால் புதுமை மன்னிக்கப்படுகிறது. அதைவிடப் பெரிய காரணம் வரிசை. ஆடி முதலில் காரைக் காட்டியது. ஜாகுவார் முதலில் மனிதர்களைக் காட்டி, இவர்கள்தான் இனி எங்கள் ஆட்கள் என்று சொல்லாமல் சொல்லி, இரண்டு வாரம் கழித்துக் காரைக் கொண்டுவந்தது. அதற்குள் பார்ப்பவர் தாம் அழைக்கப்பட்டவரா, வெளியேற்றப்பட்டவரா என்று முடிவு செய்துவிட்டார். கார் வந்தபோது அதைப் பார்க்கும் கண் ஏற்கெனவே கோபத்தில் இருந்தது. டைப் 00ஐ ஒரு சொல்லும் முன்னால் சொல்லாமல் மேடையில் நிறுத்தியிருந்தால் பாதி வசை குறைந்திருக்கும் என்பது என் துணிபு.

இறுதியாக, எஃப்-டைப் வைத்திருக்கும் வாசகர், விற்றுவிட்டுப் புதிய நான்கு கதவுக் காருக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தார். விற்காதீர்கள். புதிய கார் வந்ததும் காட்சியறையில் முதலில் பின்னிருக்கையில் உட்காருங்கள். முழங்காலுக்கு எவ்வளவு இடம், பாதம் இறங்குகிறதா, தலை கூரையில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே இரண்டு பெட்டிகள் வைக்கும் அளவுக்கு இடமிருந்தால், அந்த நீளத்தைப் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.